பல் நூல்

சலமான்காவில், பல் மருத்துவர் காத்திருப்பு அறையில்
ஒரு பூமி உருண்டை.
அலாஸ்காவை ஏதோ குழந்தை சுரண்டி வைத்திருக்கிறது.
மதிய இடைவேளை. யாருமில்லை.
காசில்டா டப்பாவிலிருந்து பல் நூலை உருவி
ஒரு நுனியைத் தன் ஊரின் மேல் நகத்தால் அழுத்திக்கொண்டு
மறு நுனியை வெலிங்டனுக்கு இழுத்தாள்.

மெழுகு பூசிய நூல், நிற்கவில்லை.
சைபீரியா வழியே போட்டாள், எட்டியது.
பனாமா வழியே போட்டாள், எட்டியது.
துருவத்தின் தலையில் போட்டாள்,
வழுக்கி விழுந்தது, பிடித்துப் பார்த்தால் அதுவும் எட்டியது.
ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

காலையில் விமானச் சீட்டுக்காரன் சொல்லியிருந்தான்:
"தோஹா வழியா போங்க, சாந்தியாகோ வழியா போங்க,
எல்லாம் ஒண்ணுதான். குறுக்கு வழி கிடையாதும்மா."

அப்பாவின் வீட்டை விற்ற பணத்தைப் பங்கு வைத்த அன்று
அம்பாரோ கதவை அறைந்தாள்:
"கண்காணாத தூரத்துக்குப் போறேன்."
சொன்னபடியே போயிருக்கிறாள்.
அக்கா சின்ன வயதிலிருந்தே கணக்கில் கெட்டி.
அதற்கு மேல் எட்டு வைத்தால், எந்தப் பக்கம் வைத்தாலும்,
திரும்பி வருவதாகிவிடும்.

நாளை அவளுக்கு அறுவை சிகிச்சை.
செய்தி மூன்றாம் ஆள் மூலம்தான் வந்தது.

வாசல் மணி.
கன்னத்தில் கை வைத்தபடி ஒரு லாரி ஓட்டுநர்.
காசில்டா நூலைச் சட்டைப் பையில் திணித்தாள், விரலெல்லாம் புதினா.
"எந்தப் பல்?"
"தெரியலைங்க.
இந்தப் பக்கம்னு நினைச்சேன்.
இப்ப அந்தப் பக்கமும் வலிக்குது."