குளிர்நீர், காலை 7.52

ஆண்டைத் தேர்ந்தெடு என்கிறது திரை.
1937 என்றால் பெயர்ப்பலகையில் இரண்டு வரி:
மேலே ஸ்டுடெனா வோடா, கீழே கால்ட்வாசர்.
1941 என்றால் கீழே இருந்தது மட்டும்.
1950 என்றால் மேலே இருந்தது மட்டும்.
இரண்டுக்கும் குளிர்ந்த நீர் என்றே பொருள்.
நிலையத்தின் பின்னால் ஓடும் ஓடையை
எல்லா ஆண்டுக்கும் ஒரே கோப்பாக வைத்திருக்கிறேன்.

பகலில், பில்சனில், பேருந்துகளுக்கு அட்டவணை போடுபவன் நான்.
இரவில் இந்த முப்பத்தொரு கிலோமீட்டர்.
தண்டவாளத்தை 1976இல் பெயர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்கள்.
இப்போது அது சைக்கிள் பாதை,
சனிக்கிழமைகளில் பீருக்குப் போகிறவர்களுக்கு.
ஏற்றம் ஆயிரத்துக்கு இருபத்திரண்டு என்றது பழைய வரைபடம்.
மிதித்துப் பார்த்தேன். தொடை ஒப்புக்கொண்டது.

ஆல்டர் மரம் நாலாயிரம் நட்டேன்,
ஒரே மரத்தை நாலாயிரம் தடவை,
கொஞ்சம் கொஞ்சம் திருப்பி வைத்து.
மனிதர்கள் விளையாட்டோடு வந்தவர்கள், பன்னிரண்டு பேர்:
தொப்பிக்காரர், குடை பிடித்தவள்,
எப்போதும் வலக்கையில் பெட்டியோடு ஒருவன்.
குழந்தை இல்லை. எழுதிக் கேட்டேன்.
அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள்.

பிறகு 1946 வந்தது.
காப்பகத்தில், நிலையப் பதிவேட்டில், பென்சில் எழுத்து:
சிறப்பு வண்டி. எண் இல்லை. வேகன் நாற்பது.
வேகனுக்கு முப்பது பேர். ஆளுக்கு ஐம்பது கிலோ.
சேருமிடம்: எல்லை.
எஞ்சின் தண்ணீர் எடுத்ததாக ஒரு வரி.
அந்த வாரத்தில் அப்படி மூன்று.

விளையாட்டில் சரக்குக்கு ஒரு கட்டம் உண்டு,
நிரப்பாமல் வண்டி நகராது.
நிலக்கரி. மரம். சர்க்கரைக் கிழங்கு. கால்நடை.
சுட்டியை அதன்மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.
ப்ளாஷெனா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து பார்த்தாள்.
"கடைசியைத் தொடாதே" என்றாள்.
அவள் குடும்பத்துக்கு 1947இல் ஒதுக்கிய வீட்டில்
அலமாரியில் பன்னிரண்டு கரண்டிகள் இருந்தனவாம், துடைத்து அடுக்கி.
அவற்றில்தான் இன்றும் சூப் குடிக்கிறோம்.

அந்த ஆண்டை விட்டுவிட்டேன்.
1941க்கு அடுத்து நேராக 1950.
ஓட்டிப் பார்க்கச் சிலருக்கு அனுப்பினேன்.

ரேகன்ஸ்பூர்கிலிருந்து வால்ட்ராவுட் ஹூப்ஷ்மன் எழுதினார்:
சிக்னல்கள் நன்று. பனி நன்று.
நிலையக் கடிகாரம் சற்றுப் பெரிது.
நீர்த்தொட்டி தவறு. மேற்கே போகையில்
அது இடப்பக்கம் வர வேண்டும்.

வலப்பக்கம்தான்.
1938இன் விமானப் படத்தைப் பெரிதாக்கி,
தொட்டியின் நிழலுக்கு வட்டம் போட்டு அனுப்பினேன்.
இடப்பக்கம், என்று திரும்பி வந்தது.
கூடவே மூன்று வரி:
கதவு ஒரு கை அளவு திறந்திருந்தது.
பார்க்க வேறொன்றும் இல்லை.
எனக்கு ஆறு வயது.

படத்தை மறுபடி விரித்தேன்.
தொட்டிக்குத் தெற்கே பிரதானத் தடம்.
வடக்கே, புதர் என்று நான் நினைத்த கோடு,
ஒரு பக்கத் தடம்.
அதில் நின்றிருந்தால், மேற்குப் பார்த்து நின்றிருந்தால்,
தொட்டி இடப்பக்கம்.
படமும் பொய் சொல்லவில்லை. அவரும்தான்.

எதற்காக ஒதுங்கி நின்றது?
அட்டவணையில் விரலை ஓட்டினேன். என் தொழில் அது.
412, பயணிகள் வண்டி, குளிர்நீர் 7.52.
மரப்பட்டறைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள்.
அதற்கு வழிவிட.

இப்போது பட்டியலில் 1946 இருக்கிறது.
ஓட்டக் கிடைப்பது 412 மட்டும்.
ஓடைப் பாலம் தாண்டி, வளைவு முடிந்ததும்,
வலப்பக்கம் நீர்த்தொட்டி.
அதற்குப் பின்னால் நாற்பது வேகன்,
கதவுகளில் ஒரு கை அகலத்துக்கு இருட்டு.
உள்ளே யாரையும் வைக்கவில்லை.
சரக்குக் கட்டத்தை அந்த வண்டிக்கு மட்டும்
கோப்பிலிருந்தே வெட்டி எடுத்துவிட்டேன்.
மணிக்கு நாற்பதில் போனால்
கடக்க முப்பத்தாறு விநாடி.
விசில் ஊதலாம். நின்றால் மதிப்பெண் குறையும்.
முக்கால்வாசிப் பேர்
வேகமானியைப் பார்த்தபடியே கடந்துவிடுகிறார்கள்.
முடிவில் பச்சை எழுத்து வரும்:
தாமதம் இல்லை. நூற்றுக்கு நூறு.

நிலையக் கடிகாரத்தையும் சின்னதாக்கிவிட்டேன்.