பத்தாம் நம்பர் ஸ்பேனர்

சீன வண்டி வாங்கலாமா அக்கா, என்கிறாள் ஜெசிந்தா.
ஸ்பால்டிங் வந்து பதினோரு நாள்தான் ஆகிறது அவளுக்கு.
முதல் வீடு காலை ஐந்தரைக்கு.
முதல் பேருந்து ஏழு பத்துக்கு.
நடுவில் கிடப்பது முழுக்க முட்டைக்கோஸ் வயல்.

என்ன சொல்ல.

என்னுடையது புதுசு, ஆயிரத்து அறுநூறு பவுண்டு,
நூற்றிருபத்தைந்து சிசி.
பெட்டியில் வந்ததைக் கடைக்காரரே பூட்டிக் கொடுத்தார்,
ஹேண்டிலை மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் பார்க்கவிட்டு.
மூன்று வருடம் ஓடிய ஹோண்டா ஒன்று
இரண்டாயிரத்து முன்னூறுக்கு நின்றது.
அதையே வாங்கச் சொன்னார்கள் எல்லோரும்.
எல்லோருக்கும் அந்த எழுநூறு ஓர் எண்.
எனக்கு, விசா ஏஜெண்டுக்காக வாங்கிய கடனில்
நாலரை மாத வட்டி.

டாங்கில் ஒட்டியிருந்த பெயர்
மூன்றாம் கழுவலில் உரிந்து போனது.
அப்புறம் அதற்குப் பெயர் கிடையாது.

முதல் வாரமே கண்ணாடி தளர்ந்து
பின்னால் வரும் லாரிக்குப் பதில்
என் முழங்கையைக் காட்டியது.
அடுத்த வாரம் நம்பர் பிளேட் ஒரு பக்கம் தொங்கிற்று.
டிசம்பரில் சாலைக்கு உப்புத் தூவினார்கள்.
பொங்கலுக்குள் சைலன்சர்
கருவாட்டுக் கடைத் தராசின் நிறத்துக்கு வந்துவிட்டது.
ஊரிலேயே மலிவான மெக்கானிக் ரிமாண்டாஸ், லித்துவேனியாக்காரர்,
சாவியைக்கூடத் தொடவில்லை.
இது வண்டி இல்லை, வண்டியின் படம் என்றார்.
நல்ல வசனம்தான்.
எனக்கு ஏழு மணிக்கு மாத்திரை கொடுக்க ஆள் காத்திருந்தது.

விழுந்ததையும் சொல்லிவிடுகிறேன்.
வெல்லண்ட் பாலம் தாண்டியதும் ரவுண்டானா, மழை.
சீனாவிலிருந்தே மாட்டிக்கொண்டு வந்த டயர்
சோப்புத் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளி மாதிரி வழுக்கியது.
பதினைந்து மைல் வேகம்.
அதற்கு மேல் போக அன்று எனக்கும் தெரியாது,
அதற்கும் பெரிய ஆசை இல்லை.
நூற்றிருபது கிலோவை நானே தூக்கி நிறுத்தி
வளைந்த கிளட்ச் லீவரோடு மூன்று வீடு பார்த்தேன்.
திருமதி பாஸ்க் என் முழங்காலைப் பார்த்துவிட்டு
உன்னைக் கவனிக்க யாரும் வருவதில்லையா என்றார்.

ஹோண்டா என்றால் அந்தக் கீறலுக்கு அழுதிருப்பேன்.
ஹோண்டா என்றால் விழாமலே இருந்திருப்பேனோ?
ஒவ்வொரு தடவையும் என் கணக்கு
இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது.

இரவில் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு உட்கார்ந்து
பேன் பார்ப்பதுபோல்
நட்டு நட்டாகத் தொட்டுப் பார்க்கிறேன்.
எது இளகும், எது துருவில் இறுகும்,
செயின் எத்தனை நாளில் தொய்யும், தெரியும்.
நல்ல வண்டி இதையெல்லாம் சொல்லித் தந்திருக்காது.
சொல்லித் தரவேண்டிய அவசியமும்
அதற்கு இருந்திருக்காது.

பின்பக்கம் சிவப்பு எழுத்தில் எல் பலகை.
ஊரில் பதினான்கு வருடம் தமிழாசிரியை நான்.
பழைய தமிழில் எல் என்றால் ஒளி.
விடியாத ஐந்து மணிக்கு
அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போகிறேன் என்று
இந்த ஊரில் யாரிடம் சொல்ல.

வாங்கு, என்கிறேன் ஜெசிந்தாவிடம்.
வாங்கின அன்றே டயர் இரண்டையும் மாற்று, நூற்றிருபது.
லீவர் உபரியாக ஒன்று.
செயின், மெழுகு, நட்டில் விட நீலப் பசை.
ஈர இலை கண்டால் பிரேக்கைத் தொடாதே.
பாகம் உடைந்தால் ஐந்து வாரம் நடக்கத் தயாராக இரு.

அவள் போனில் கூட்டிக்கொண்டே வருகிறாள்.
எழுநூறில் பாதிக்குமேல் போய்விடுகிறதே அக்கா,
அந்த ஹோண்டா இன்னும் நிற்குமா?

மழை பிடிக்கப் போகிறது.
பதில் சொல்லாமல் கண்ணாடியை இறுக்குகிறேன்.
ஒரு கணம் அவள் முகம் அதில் நிற்கிறது,
பிறகு என் முழங்கை.