தட்டு

கடலூர் முதுநகர் துறைமுகத்தில்
மீனை எடை போடுமுன்
விரல்முட்டியால் தராசை மூன்று முறை தட்டுவேன்.
பழைய இரும்புத் தராசுக்கு
மூட்டெல்லாம் உப்புக்காற்று தின்ற துரு.
தட்டினால்தான் முள் அசையும்.
அதைக் காயலான் கடைக்குப் போட்டு
ஒன்பது வருஷம்.
இப்போதிருப்பது பேட்டரித் தராசு.
தட்டினால் சிவப்பு எண்கள் கொஞ்சம் பதறும்,
அவ்வளவுதான்.
இருந்தும் தட்டுகிறேன்.

முதலில் பிடித்துக்கொண்டது ஒரு நாய்,
காதறுந்த செவலை.
மீன் வாசத்துக்கு வராது
(இங்கே எது மீன் வாசமில்லை?)
மூன்றாவது தட்டுக்கு வரும்.
எடை நேராக நான் எடுத்தெறியும்
ஒற்றைக் காரப்பொடி அதன் கணக்கு.
போன ஆடியில் லாரியில் அடிபட்டது.
அதன் குட்டியல்லாத,
அதற்கு எந்த உறவுமில்லாத இரண்டு நாய்கள்
இன்று மூன்றாவது தட்டுக்கு வருகின்றன.
ஐஸ் ஆலைக் கூரையிலிருந்து செம்பருந்து
இரண்டாவதிலேயே கிளம்பிவிடுகிறது.
அது கொழுத்திருக்கிறது.

புதிதாய் வேலைக்கு வந்த தேசிங்கு
இரும்புத் தராசைக் கண்ணால் கண்டதில்லை.
நான் சொல்லவுமில்லை.
அவனும் தட்டுகிறான்,
நான்கு முறை.
ஏன்டா நாலு என்றேன்.
"நாலுதானேண்ணே?"

நேற்று விரலில் கெளுத்தி முள் ஏறி
தட்டாமல் எடை வைத்தேன்.
பருந்து அசையவில்லை.
நாய்கள் படுத்தே கிடந்தன.
பரங்கிப்பேட்டை அஞ்சலாட்சி
கூடையைத் தூக்காமல் நின்றாள்.
எண்ணைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
"தட்டாத எடைய எப்பிடி நம்புறது?"
இடக்கையால் தட்டினேன்.
பதினெட்டு கிலோ நானூறு
பதறிவிட்டு
பதினெட்டு கிலோ நானூறில் நின்றது.
சிரித்துக்கொண்டே தூக்கிப் போனாள்.

அலை வந்த வருஷத்திலிருந்து
எங்கள் வீட்டில் என் செருப்பு
தெருவைப் பார்த்தே கிடக்கும்,
இருட்டில் காலை விட்டதும் ஓட.
அதற்கு ஐந்து வருஷம் கழித்துப் பிறந்த மிதுனா
தன்னுடையதை அப்படி வைத்தாள்,
பிறகு வருகிறவர்களுடையதையும்
ஒவ்வொன்றாய்த் திருப்பி வைக்க ஆரம்பித்தாள்.
போகச் சொல்கிறாளோ என்று
என் மச்சான் ஒருமுறை
சாப்பிடாமலே கோபித்துக்கொண்டு போனான்.

மறுமுறை வந்தபோது பார்த்தேன்.
வாசலில் குனிந்து,
யாரும் சொல்லாமல்,
தானே திருப்பி வைத்துவிட்டு
உள்ளே வந்தான்.