அடிக்குறிப்பு 88

முதலில் ‘சம்மதம்’ என்று போட்டிருந்தேன்.
கல்யாணப் பேச்சு மாதிரி இருக்கிறது என்றாள்
நெறிமுறைக் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்த
ஒரே ஆள், மஹ்மூதா.
‘இசைவு’ என்றேன்.
அது அகராதியிலேயே இருக்கட்டும் என்றாள்.
பதினோராவது திருத்தத்தில் ‘ஒப்புதல்’ நின்றது,
கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக.

அதற்கு முன், புக்கித் தீமா நூலகக் குளிரில்
இரண்டு வாரம் ஒரே சொல்லோடு உட்கார்ந்திருந்தேன்:
நோக்கம்.
நோய் தடுக்கச் சேர்த்த விவரத்தை
வேறு எதற்கு எடுக்கலாம்,
யார், எதுவரை, எந்தப் பிரிவின்கீழ்.
ஒன்பது நாட்டுத் தீர்ப்புகள்.
எல்லாவற்றிலும் ஒரு தராசு வருகிறது.
தட்டில் எதை வைத்தார்கள் என்பது
நாற்பது பக்கம் தாண்டித்தான் தெரிகிறது,
சிலவற்றில் அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சி.
கடைசி நிறுத்தத்தில் என்னை மட்டும் இறக்கிவிட்டுப்
பேருந்து தன் குளிரை எடுத்துக்கொண்டு போனது.
விடுதி வாசல் முகம் பார்த்துத் திறக்கும்.
எனக்குத் திறக்கவில்லை;
ஒரு காவலாளி வந்து அதனிடம் ஏதோ சொன்னார்.

கையெழுத்துப் போட்டவர்கள் சொன்னதை எழுதலாம்.

பங்கேற்பாளர் 7
டோக்கனைக் கட்டில் கம்பியில் மாட்டிவிட்டுக்
குளிக்கப் போவார், சமைக்கப் போவார்.
“அது பாட்டுக்குக் கெடக்கும்.
கணக்குல நான் ரொம்ப நல்லாத் தூங்குனவன்.”

பங்கேற்பாளர் 19
பதினாலாம் கட்டிலுக்கு வெந்நீர் பிடித்துக் கொடுத்தார்,
அவன் குடித்து முடிக்கும்வரை டம்ளரைத் தாங்கிக்கொண்டு.
விதியில் அதற்குப் பெயர் நெருங்கிய தொடர்பு.
போனில் பச்சை சிவப்பானது.
பதினெட்டு நாள்.
“வெந்நீர் குடுத்தேன்னு அதுல பதியுமா மேடம்?”
பதியாது என்றேன்.
“ஓ” என்றார்.

அடுத்தவர்
சேவுகப்பெருமாள் என்று வைத்துக்கொள்வோம்.
அது அவர் பெயர் இல்லை.
தாளை முழுக்கப் படித்தவர் அவர் மட்டும்தான்,
வரிக்கு அடியில் விரல் வைத்து.
உங்கள் பங்கேற்பு முற்றிலும் தன்விருப்பத்தின்பேரில்
என்ற இடத்தில் விரல் நின்றது.

“கையெழுத்துப் போடலேன்னா?”
ஒன்றும் ஆகாது.
“பெர்மிட்டுக்கு?”
ஆகாது.
“சூப்பர்வைசர் காதுக்குப் போவுமா?”
போகாது.
“ஏன்னு கேப்பீங்களா?”
கேட்கக் கூடாது.

பேனாவை மூடி என் பக்கம் உருட்டிவிட்டார்.
“ஒம்பது வருசமாச்சு இந்த ஊருக்கு வந்து.
வேண்டாம்னு சொல்றதுக்கு
இப்பத்தான் ஒரு தாளு கெடச்சிருக்கு.
சொல்லிப் பாக்குறேன்.”

பிறகு இரண்டு மணி நேரம் பேசினார்.
மைலோ ஆறியது, இன்னொன்று வந்தது, அதுவும் ஆறியது.
ஒலிப்பதிவை அணைத்துவிட்டேன்.
குறிப்பேட்டை மூடிவிட்டேன்.
காதுக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை.

அவர் சொன்னதை இங்கேயும் எழுத முடியாது.
கவிதைக்கு நெறிமுறைக் குழு கிடையாது,
இருந்தாலும்.

காலையும் மாலையும் அளந்த அந்த விடுதியின் உடம்புச் சூடு
எங்கோ ஒரு சர்வரில் இருக்கும்,
அல்லது அழித்திருப்பார்கள்.
அழித்ததற்கு அத்தாட்சி கேட்கும் உரிமை யாருக்கு என்பது
என் நான்காம் அத்தியாயம்.
அது யாரிடமும் தாள் நீட்டியதில்லை.
எனக்குத்தான் மறக்க வேண்டிய கடமை,
மறக்கவும் தெரியவில்லை.
திரும்பும் வழியில் போன் ஏதோ அனுமதி கேட்டது,
பஸ் வருகிறதா என்று பார்க்கும் அவசரத்தில்
படிக்காமலே கொடுத்தேன்.

ஆய்வேட்டில் அந்த இரண்டு மணி நேரம்
நூற்றெழுபதாம் பக்கத்தின் அடியில் இருக்கிறது,
எட்டுப் புள்ளி எழுத்தில்:
88. ஒருவர் ஒப்புதல் தரவில்லை.

பேராசிரியர் குவெக் ஓரத்தில் எழுதியிருந்தார்:
இதில் மேற்கோள் ஏதும் இல்லையே,
எடுத்துவிடலாமா?

வேண்டாம் என்று மட்டும் பதில் போட்டேன்.
இன்று காலை திறந்தால்,
காரணம் கேட்டிருக்கிறார்.