நகராத இடம்

ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு
அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள்.
அயனாவரம் ஸ்கேன் சென்டர், டோக்கன் பதினேழு.
வாசலில் மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்கள்.
நாற்காலி அதிர்கிறது, அடிவயிறும்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"
கவுன்ட்டர் பெண் என்னைக் கேட்டது
தண்ணீர் கேன் இறக்கியவர் காதிலும் விழுந்தது.
இல்லை என்றேன்.
"அப்போ மேலாலதான்" என்று
எதையோ அடித்து எழுதினாள்.

மேலால் பார்த்தவரை நான் நார்மல்.
மூன்று ரிப்போர்ட், மூன்று நார்மல்.
மாதம் இரண்டு நாள் லீவுக்கு
எங்கள் மேனேஜர் வைத்திருக்கும் பெயர் வேறு.

டாக்டர் ஷெரின் ஃபைலை மூடினார்.
"உள்ள வச்சுப் பார்த்தா தெளிவாத் தெரியும்.
கல்யாணம் வேற, இது வேற.
வேணாம்னா வேணாம், நீங்க சொல்லுங்க."
போய்
அந்த ஒரு லிட்டரையும் விட்டுவிட்டு வந்தேன்.

குளிர்ந்த ஜெல். சாம்பல் திரை.
"வலிக்கிற இடம் வந்தா சொல்லுங்க."
பத்தொன்பது வருடத்தில்
என் வலியிடம் வழி கேட்டவர் இவர்தான்.

மெல்லத் தள்ளினார்.
"கர்ப்பப்பையும் குடலும்
ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கணும்.
இங்க பாருங்க, நகரல."
பார்த்தேன்.
ஆபீஸ் நேரத்து பஸ் படிக்கட்டில்போல்
ஒட்டிக்கொண்டு நின்றன இரண்டும்.
இடது சினைப்பையில்
பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி மங்கலாய்
ஒரு கட்டி,
நான்கு சென்டிமீட்டர்.

அழுகை வரவில்லை.
"இன்னொரு தடவை தள்ளுங்க டாக்டர்" என்றேன்.
வலிக்கும் என்றார்.
வலித்தது.
நகரவில்லை என்பதை
இன்னொருத்தரோடு சேர்ந்து
பார்க்கவேண்டியிருந்தது எனக்கு.