மூக்கு எடை

களக்காட்டில் வாழைத்தார் மண்டித் தராசை
அரைமணி நேரம் கடன் கேட்டோம்.
தார் ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள்.
வீட்டை நிறுக்க வந்தவர்களை
அவர்கள் பார்த்ததில்லை.

வீடென்றால் வீடில்லை.
இரண்டு சக்கரம், ஒரு கட்டில், அடுப்பு,
எண்பது லிட்டர் தண்ணீர், ஒரு தார்ப்பாய்.
ஜீப்பிலிருந்து கழற்றி
அதன் மூக்கை மட்டும் தராசில் இறக்கினான் ரூபன்.
நூற்று நாற்பத்திரண்டு கிலோ.
"ஏத்தன்னா பதினோரு தாரு" என்றார் மண்டிக்காரர்.
"நாடுன்னா பன்னெண்டு வரும்."

உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
இன்னொரு கையில் பை.
பைக்குள் ஒற்றைச் செருப்பு.

போன மாசியில், குட்டம் தேரியில்,
பழைய ஜாக்கின் குட்டிச் சக்கரம்
செம்மணலில் மெல்லப் புதைந்தது.
சாய்ந்தது.
ஊக்கு தானாக நழுவியது.
ஒரு நொடிதான்,
மூக்கு மண்ணைக் குத்தி நின்றது.
ஹெப்சி அப்போதுதான் ஓணான் பின்னால் ஓடியிருந்தாள்
ஒரு காலில் மட்டும் செருப்போடு.
மற்றது அங்கேயே கிடந்தது.
பிறகு அது செருப்பாக இல்லை.
"ஒண்ணும் ஆகலல்லா" என்றான் ரூபன்
மூன்று முறை.
மூன்றாவதற்குக் குரல் வரவில்லை.

வண்ணாரப்பேட்டை பைபாஸில் சிந்தா மதார் கடை.
முதலில் காட்டியது பளபளவென்று மின்னியது.
"பட்டன அமுக்குனா தானா ஏறும்க்கா."
பேட்டரி தீர்ந்தால்?
"கைப்பிடி இருக்கு."
அதை எங்கே நுழைப்பதென்று அவரே தேடினார்.
இரண்டாவதற்குச் சக்கரம்.
"சிமெண்டுத் தரையில தள்ளிட்டே போலாம்."
நான் சிமெண்டில் படுக்கப் போகவில்லை.

மூன்றாவது, மூலையில்,
கிரீசும் தூசியும் அப்பிக் கறுத்துக் கிடந்தது.
பாதம் தோசைக்கல் அகலம்.
உள்கால் தனியாக இறங்குகிறது.
ஊக்கு இந்தச் சுவரில் நுழைந்து
அந்தச் சுவரில் தலை நீட்டுகிறது,
தலைக்கு ஒரு வளையம், கழன்று விழாதபடி.
ஐநூறு கிலோ என்று இரும்பிலேயே குத்தியிருந்தது.
முழுக்க மேலே தூக்கச் சொன்னேன்.
தரையிலிருந்து எத்தனை சாண் என்று அளந்தேன்.
பணகுடி மலையடியில் ஒரு பாறை
எங்கள் சைலன்சரை ஏற்கெனவே தின்றிருக்கிறது.

"எக்கா, இது லோடு வண்டிக்காரங்க வாங்குதது.
பாக்க லட்சணமா இருக்காதே."

செருப்பை எடுத்து மேஜையில் வைத்தேன்.
ஊதாப் பூப் போட்ட வார்,
மீதியெல்லாம் அப்பளம்.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
உள்ளே போய் இன்னோர் ஊக்கு கொண்டுவந்தார்.
"இதுக்குத் துட்டு வேண்டாம்.
நாலு போல்ட்டும் எட்டு புள்ளி எட்டு போடச் சொல்லுங்க.
வேற எதுவும் போட விடாதீங்க."

ஆனியில் மறுபடி தேரி.
முதலில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை.
பிறகு பாதத்துக்கடியில் பலகை.
பிறகுதான் கொக்கியில் கை.
ஹெப்சிக்கு எல்லை அந்த மொட்டைப் பனை.
"இப்ப வரலாமா?"
இன்னும் இல்லை.
"இப்ப?"
மூக்கை இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்தேன்.
ரூபன் தோளால் முட்டிப் பார்த்தான்.
பலகை ஒரு விரல் அமுங்கியது, அதோடு நின்றது.
"இப்பவாவது?"
வா.

ராத்திரி காற்று தார்ப்பாயில் மணலை வாரி இறைத்தது.
பிள்ளை வாய் திறந்து தூங்கினாள்.
நான் டார்ச்சோடு இறங்கிப் போய்
ஊக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.
தூக்கம் வரவில்லை.
இரண்டாம் முறை டார்ச் இல்லாமலே போனேன்,
இருட்டில் கையை நீட்டினேன்,
இரும்பின் மேல் ரூபன் கை.

ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.
பல்லுக்கடியில் மணல் நறநறத்தது.