மூச்சு எண்ணும் கட்டம்

துபாயிலிருந்து ஆள் மூலம் வந்த அட்டைப்பெட்டியில்
கோடாலித் தைலம், ஆரஞ்சுப் பொடி டப்பா,
உம்மாவுக்கு இரண்டு ஜார்ஜெட்,
எல்லாவற்றுக்கும் அடியில்
குளிக்கும் துண்டில் சுற்றி
ஒரு கறுப்புப் பெட்டி. சேகா.
கூட வந்த கடிதத்தில் எனக்கென்று ஒரே வரி:
லாத்தாவோடு சண்டை போடாமல் விளையாடவும்.

கீழக்கரையில் எங்கள் தெருவில்
எல்லா வீட்டிலும் வாப்பா இல்லை.
எங்கள் வீட்டில் மட்டும்
சேகா இருந்தது.

நடுத்தெரு தமீமிடம் நிண்டெண்டோ,
அவன் வாப்பா கொழும்பில்.
ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடுகிற கூட்டத்திலும்
எங்களுக்குள் வழக்கு நடக்கும்:
எட்டு பிட்டா, பதினாறு பிட்டா.
பிட் என்றால் என்னவென்று
அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
பதினாறு பெரிது என்பது மட்டும் தெரியும்.

உப்புக்காற்று கேசட்டின் பல்லில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
ஊதுவோம். சட்டையால் துடைப்போம். பிஸ்மி சொல்லிச் செருகுவோம்.
அதற்கும் மசியாவிட்டால்
பஸ் ஸ்டாண்டு பக்கம் பூவலிங்கம் அண்ணன் கடை.
பென்சில் அழிக்கும் ரப்பரால் இரண்டு தேய்,
அவ்வளவுதான் அவர் வைத்தியம்.
காசு வேண்டாம், ஒரு ஆட்டம் விடு என்பார்.

முபீனா லாத்தா ஆடினால்
விரல் அசைவது தெரியாது, காரியம் நடக்கும்.
அவள் பெரிய மனுஷியான பிறகு
தமீம் உள்ளே வர முடியாமல் போனது.
ஜன்னலுக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துவிட்டு
சத்தத்தை வைத்தே சொல்வான்:
ஏழாம் கட்டம், பாலம் உடையுது, குதி.
அவள் எப்போதாவது தோற்றால்
வெளியே ஒரு சிரிப்பு கேட்கும்.
அவனுக்கே அவளைக் கட்டிக்கொடுத்தார்கள் என்று
நீங்கள் நினைக்கலாம். இல்லை.
மாப்பிள்ளை தொண்டிக்காரர்,
கிரிக்கெட் தவிர ஒன்றும் பார்க்க மாட்டார்.

ஆடியதைச் சேமித்து வைக்க அந்தப் பெட்டியில் வழியில்லை.
டிவியை மட்டும் அணைத்துவிட்டுப் படுப்போம்.
ஸஹருக்கு எழுந்த உம்மா
இருட்டில் சிவப்பாய் ஒரு புள்ளியைப் பார்த்து
இது இன்னும் தூங்கலையா என்பாள்.
மின்வாரியம் மனது வைத்தால்
பதினோரு கட்டமும் ஒரு நொடியில் கடலோடு போகும்.

வெள்ளிக்கிழமை போனில் வாப்பா
மூன்று நிமிடம்தான் பேசுவார்.
நல்லா இருக்கியளா.
பள்ளிக்கூடம் போறியளா.
பொட்டி ஓடுதா.
ஓடுது வாப்பா.

இரண்டாயிரத்து ஒன்றில், பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில்,
தமீம்தான் பேப்பரோடு வந்தான்.
சேகா இனிமேல் பெட்டி செய்யாதாம்.
ஜெயித்தவன் முகம் இல்லை அது.
மய்யித்து வீட்டுக்கு வந்தவன்போல்
கையை முன்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.
உம்மா அவனுக்கும் சேர்த்து டீ போட்டாள்.

வாப்பா வந்ததும் அந்த வருஷம்தான்.
இனிப் போவதில்லை என்று.
ஒரே ஒரு சூட்கேஸ்.
சொந்த வீட்டில் எந்த நாற்காலி தன்னுடையதென்று தெரியாமல்
நாலு நாள் நின்றுகொண்டே இருந்தார்.
ஐந்தாம் நாள் லுஹருக்குப் பிறகு
டிவி முன்னால் குந்தி
இத எப்படிம்மா போடுறது என்றார்.
தேராவில் கடைக்காரன் பெட்டியைத் திறக்காமலே கட்டிக் கொடுத்தானாம்,
ஓடி இவர் பார்த்ததே இல்லை.

லாத்தா முதல் கைப்பிடியை அவரிடம் கொடுத்தாள்.
தண்ணீருக்கடியில் ஓடுகிற கட்டம்.
குமிழி பிடிக்காவிட்டால் திரை எண்ணத் தொடங்கும்.
ஐந்து.
பதினெட்டு வயது வரை சங்கு குளித்த மனிதர்,
வாயை இறுக மூடிக்கொண்டார்.
நான்கு.
கழுத்து நரம்பு புடைத்தது.
மூன்று.
மேல வாங்க வாப்பா, மேல, என்று கத்தினாள் லாத்தா.
எந்தப் பட்டன் மேலே என்று அவருக்குத் தெரியவில்லை.

திரை கறுத்தது.
மூச்சை விட்டார்.
செத்துப்போச்சா என்றார்.

இல்ல வாப்பா.
இன்னும் ரெண்டு உசுரு இருக்கு.